பிராகோ வைத்த இரண்டு புட்டி மால்ட்

யா பிராகோ எங்கள் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. என் பெரியம்மா மகன் நிமோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த மறுமாதமே இருவரும் பியா ஆற்றோரக் காட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் மரம் வெட்டினான், இவள் வேர் பறித்தாள். கொக்கோக் கன்றுக்கு நிழல் வேண்டுமென்று இடையிடையே வாழை வைத்தாள். அந்தத் தோட்டம் காய்ப்புக்கு வருவதற்குள் மூன்று பிள்ளை பெற்றுவிட்டாள், பிறகு இன்னும் மூன்று. நாற்பது வயதில் ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தாள். அன்றிலிருந்து மதுவைத் தொட மாட்டாள், காசு கொடுத்து வாங்கவும் மாட்டாள்.

எங்களுக்கு ரத்தம் தாய்வழி. ஆண் செத்தால் அவன் சொத்து உடன்பிறந்தவள் பிள்ளைகளுக்குப் போகும், மனைவி மக்களுக்குப் போகாது. அவர்களுக்குக் கொடுக்க நினைப்பவன் உயிரோடு இருக்கும்போதே சாட்சி வைத்து வாயால் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் அங்கேயே நன்றிப் பானம், வழக்கமாக ஒரு புட்டி ஜின், வைக்க வேண்டும், சாட்சிகள் குடிக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுத் தெருவில் நின்றவர்கள் நான் அறிய நான்கு பேர்.

நிமோவுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஆளனுப்பிக் கூப்பிட்டான். குடும்பத் தலைவர் அடு போஃபோ அப்போது ஊரில் இல்லை. நிமோவின் அக்காள் மகன் அந்தோபாமும், பக்கத்துத் தோட்டக்காரர் அல்ஹசனும், நானும் போனோம். அல்ஹசன் வடக்கேயிருந்து வந்து குடியேறிய முஸ்லிம். கல்யாணத்துக்கு முன்பே தன்னிடம் இருந்த பழைய தோட்டம் குடும்பத்துக்கு, அதை ஒட்டிய ஆற்றோரத் தோட்டம் பிராகோவுக்கும் பிள்ளைகளுக்கும் என்று நிமோ சொன்னான். பிராகோ உள்ளே போய் இரண்டு புட்டி மால்ட் கொண்டுவந்து வைத்தாள். ஞானஸ்நான விருந்துகளில் கொடுப்பார்களே, போதையில்லாத அந்தக் கறுப்புப் பானம்தான்.

அந்தோபாம் சிரித்தான். மாமன் மனைவியை "என் பொண்டாட்டி" என்று கேலி பேசும் உரிமை மருமகனுக்கு உண்டு.

"ஏம்மா என் பொண்டாட்டி, ஒரு ஜின் புட்டி கூடவா கிடைக்கல? புள்ளைக்குப் பேரா வைக்கிறோம்?"

"கிடைச்சதக் குடிடா. மாமனுக்கு மூச்சு வாங்குது."

குடித்தான். நாங்களும் குடித்தோம். மூன்றாம் வாரம் நிமோ போய்விட்டான்.

நாற்பதாம் நாள் துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்பும் உடுத்திக் குடும்பம் கூடியது. நிமோவின் இடத்துக்கு அந்தோபாமையே வைத்தார்கள். அவன் எழுந்து ரெண்டு தோட்டமும் குடும்பத்துக்குத்தான் என்றான்.

"நன்றிப் பானம் வச்சாத்தான மாமா கொடுத்ததா அர்த்தம்? இவங்க சோடாத்தண்ணி வச்சாங்க. அதுல ஒரு சொட்டு முன்னோருக்கு ஊத்த முடியுமா?"

ஆறு பிள்ளைகளும் பிராகோவின் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அடு போஃபோ கேட்டார். "நீ குடிச்சியாடா?"

"தாகமா இருந்துச்சு, குடிச்சேன்."

"எத்தன டம்ளரு?"

"ரெண்டு."

கூட்டம் சிரித்தது. அல்ஹசன் கையைத் தூக்கினார். "பெரியவரே, நான் வெளியாளு. ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு ஜின் வச்சிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். தொடாதவன் சாட்சியாக முடியுமா? நிமோ என்னைத் தெரிஞ்சுதான கூப்பிட்டாரு?"

பெரியவர் தாடையைத் தடவினார். பிறகு பிராகோவிடம் தன்மையாகவே சொன்னார். "அம்மா, பேச்சு வளர வேண்டாம். இப்ப ஒரு ஜின் புட்டி வச்சிரு. உன் கையால வாங்க வேண்டாம், உன் மகன் வாங்கட்டும். எல்லார் வாயும் அடங்கிரும்."

நான் கூட, வைத்துத் தொலையேன் என்று அவள் முழங்கையை இடித்தேன்.

"மாட்டேங்கய்யா," என்றாள். "அன்னிக்கே அவரு கண்ணு முன்னால நன்றி சொல்லிட்டேன். இன்னிக்கு மறுபடி வச்சா, அன்னிக்கு வைக்கலன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். தோட்டத்தக் குடுத்தவரு இப்ப இல்ல. யாருக்கு நன்றி சொல்ல?"

அந்தோபாம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ சொல்றது சரி," என்றார் அடு போஃபோ. "புட்டியில என்ன இருந்துச்சுங்கறது ஒரு பக்கம். நீ வேண்டாம்னு அன்னிக்கே டம்ளரக் கவுத்து வச்சிருக்கணும்டா. ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு ரெண்டு மாசம் கழிச்சுத் துப்ப முடியாது."

ஆற்றோரத் தோட்டம் பிராகோவுக்கு என்று முடிந்தது. பழைய தோட்டமும் நிமோவின் துப்பாக்கியும் அந்தோபாமுக்குப் போயின. நிமோவின் கடைசி இரண்டு பிள்ளைகளின் பள்ளிப் பொறுப்பும் அவற்றோடு சேர்ந்து அவன் தலையில் விழுந்தது.

மறுநாள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவே எல்லைச் செடி நட எல்லோரும் போனோம். பிராகோ முன்னால் நடந்து இடம் காட்டினாள், அந்தோபாம் நட்டான். ஆற்றுத் திருப்பத்தில் ஒரு செடியை இரண்டு முழம் அவள் தோட்டத்துக்குள் தள்ளி ஊன்றினான். அவள் அதைப் பிடுங்கி, இருக்க வேண்டிய இடத்தில் நட்டு, காலால் மண்ணை மிதித்தாள். அவன் அடுத்த செடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான்.