சாவி மேலே, ஹேண்டில் கீழே

சபுரா அக்காவின் போன் வந்தபோது நான் பேராவூரணியில் ஒரு எண்ணெய் மில்லின் ஷட்டருக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். மே மாதம், உச்சிவெயில்.

"தம்பி, மாடியில மாட்டிக்கிட்டேன். ஒங் கதவு மூடிக்கிச்சு. கரண்டும் போயிடுச்சு."

கதவு என்றால் சுவரில் இருக்கும் கதவு இல்லை. மாடிப்படி முடியும் இடத்தில், தலைக்கு மேல் படுத்த வாக்கில் கிடக்கும் கண்ணாடி மூடி. படியின் உள்பக்கம் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் அதைப் பக்கவாட்டில் நகர்த்தும். அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் எங்கோ பார்த்துவிட்டு, முத்துப்பேட்டைப் பக்கம் கட்டிய வீட்டுக்கும் அதுவே வேண்டும் என்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னிடமிருந்து விடுதலை கொடுத்த நான், மேனுவலில் படங்களை மட்டும் பார்த்து மாட்டினேன். தூசி வராமல் இருக்க, ஐந்து நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும்படியும் செட் பண்ணினேன். வீட்டுக்காரர் போனில் சபாஷ் என்றார்.

அக்கா காயும் மிளகாயைத் திருப்பிவிட ஏறியிருக்கிறார். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டார். சாக்கின் மேல் நிற்பதாகச் சொன்னார். அது பரவாயில்லை. அடுத்துச் சொன்னதைக் கேட்டுத்தான் கிரீஸ் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"சுகர் மாத்திரை போட்டுட்டேன் தம்பி. இன்னும் சாப்பிடல. கை நடுங்குது."

கரண்ட் இல்லாதபோது இந்தக் கதவைக் கையால் சுற்றித் திறக்க ஒரு ஹேண்டில் உண்டு. படிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். பளபளவென்று இருக்கிறது, தொலைந்துபோகும் என்று அக்கா அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பீரோ சாவி அவர் இடுப்பில். அவர் மாடியில். வெளியிலிருந்து திறக்கும் லிவர் ஒன்றும் பெட்டியோடு வந்தது. மேனுவலில் மொட்டைமாடியில் நிற்கும் ஆளுக்குப் பக்கத்தில் அதை வரைந்திருந்தார்கள். அழகுக்கு வரைந்தது என்று நினைத்தேன். அதற்கு இன்னொரு ஓட்டை போட வேண்டும், மழை ஒழுகும். ஆகவே பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

கீழ்வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டேன்.

"மெஹர் இருக்கா. நாங்க பேசுறதில்ல."

மெஹர் அவருடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. தண்ணி மோட்டாரை யார் எப்போது போடுவது என்ற தகராறில் மூன்று மாதமாக ஒரே வீட்டில் இரண்டு நாடு. பத்தடி கீழே இருப்பவரைக் கூப்பிடாமல், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

மெஹர் அக்காவுக்கு முன்பு கேட் மாட்டியிருந்ததால் நம்பர் என்னிடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அவ என்னைக் கூப்பிடச் சொன்னாளா?"

"ஆமாங்கக்கா. ஒங்களத்தான் கூப்பிடச் சொன்னாங்க." பொய்தான். என் வேலையை விடப் பொய் நன்றாக வரும் எனக்கு.

மெஹர் அக்கா வாசலுக்கு ஓடினார். சபுரா அக்காவுக்கு நான் சொல்லிவைத்தபடி மேலிருந்து சாவிக்கொத்து விழுந்தது. பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே, துண்டில் சுற்றி, அத்தர் பாட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்ததாம் ஹேண்டில். போனை ஸ்பீக்கரில் போட்டுப் படியேறினார். மூடிக்குப் பக்கத்தில் மோட்டார் இருக்கும், அதில் ஒரு ஓட்டை, ஹேண்டிலைச் செருகிச் சுற்றுங்கள் என்றேன்.

"இரு தம்பி. நான் சுத்திக்கிட்டிருக்கும்போது கரண்ட் வந்துட்டா?"

முன்பல் இரண்டு இல்லாத இடத்தை நாக்கால் தடவிக்கொண்டேன். முந்தின வருடம் பூதலூரில் இதேபோல் சுற்றும்போது கரண்ட் வந்து, ஹேண்டில் தானே சுழன்று என் வாயில் அடித்து எடுத்த பற்கள் அவை. பல் போன ஆளுக்கு ஞாபகம் வரவில்லை. பார்க்காத அவருக்குக் கேட்கத் தோன்றியது.

முதலில் கதவுக்கென்று தனியாக வைத்த சுவிட்சை ஆஃப் பண்ணச் சொன்னேன். பிறகு மோட்டாரில் இருக்கும் சிவப்பு லிவரை இழுத்து கியரை விடுவிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஹேண்டில். சுற்று எண்ணிக்கொண்டே சுற்றினார். இருபதைத் தாண்டும்போது பக்கத்து அறை மின்விசிறி ஓடும் சத்தம் போனில் கேட்டது. கரண்ட் வந்துவிட்டது. ஹேண்டில் அசையவில்லை.

"வந்துடுச்சு," என்றார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. நானும் வேர்த்துப்போயிருந்தேன்.

சுவிட்சைத் தொட வேண்டாம், கையாலேயே முடியுங்கள் என்றேன். ஒரு சாண் திறந்ததும் சுற்றுவது நின்றது. என்ன ஆச்சு என்று கத்தினேன். பதில் வந்தது, எனக்கு இல்லை, மேலே இருந்தவருக்கு.

"பேரீச்சம்பழம். மொதல்ல இதத் தின்னு. அப்பறம் எறங்கலாம்."

மூன்று மாதத்தில் மெஹர் அக்கா சபுரா அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது இருவரும் சபுரா அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல திட்டு விழும் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார் மெஹர் அக்கா. போனேன். பின்னால் சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது, கதவு மூடிக்கொண்டது.

சிமெண்ட் தரை தோசைக்கல்லாக இருந்தது. சாக்கைத் தேடி ஓடினேன். கண்ணாடியைத் தட்டினேன். கீழே மெஹர் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"நீ மாட்டுன கதவுதான தம்பி. தொறந்துட்டு வா."

இருவரும் உள்ளே போய்விட்டார்கள். தண்ணி மோட்டாரைப் பற்றி மறுபடி சண்டை பிடிப்பது படிவழியாக மேலே கேட்டது. நடுநடுவே சிரிப்பும் கேட்டது. மிளகாயோடு மிளகாயாக நின்றேன். திறக்கச் சொல்லி இரண்டாவது தடவை தட்ட எனக்குக் கை வரவில்லை.

அவர்களாகத் திறந்துவிட்ட பிறகு, அன்று சாயங்காலமே பெட்டியில் கிடந்த லிவரை வெளியில் மாட்டினேன். தானே மூடும் செட்டிங்கை எடுத்தேன். ஹேண்டிலைப் படிச் சுவரில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பசங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மாட்டி முடித்ததும் வெறுங்காலோடு மாடியில் போய் நில்லுங்கள். வீட்டுக்காரரை விட்டுக் கதவை மூடி, கரண்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்கள். நீங்களாகவே வெளியிலிருந்து திறந்துகொண்டு இறங்கி வந்த பிறகுதான் டூல்ஸ் பையைக் கட்ட வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். சில வீடுகளில், மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.