ஒண்ணு, அரை

குறிப்பக்கா என்றுதான் தெருவில் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்பதில் முதலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, பிறகு பழகிவிட்டது. அவள் செய்யும் வேலையை இன்னது என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. இணையத்தில் யாராவது ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். அதை அவள் உட்கார்ந்து கேட்டு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பாள். பேசுகிறவர் வணக்கம் சொல்லி, தன் பெருமை சொல்லி, மணிப் பொத்தானை அழுத்தச் சொல்லி, விஷயத்துக்கு வருவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். அந்த வளவளப்பைத் தூக்கிப் போட்டால் மிஞ்சுவது பத்து வரி. அந்தப் பத்து வரிதான் குறிப்பக்காவின் பிழைப்பு.

இதை ஆரம்பித்தது வீட்டுக்காரருக்காக. இரும்புத் தகடு அழுத்தும் ஆலையில் இருபத்தாறு வருஷம் நின்றவர் அவர். இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆலையில் அவருக்குக் கைவைத்தியர் என்று பட்டப்பெயர். அந்த இயந்திரங்கள் கையை விட்டுவிட்டுக் காதைத் தின்றுவிட்டன. காதுக்கருவி மாட்டிப் பார்த்தார்கள். இரைச்சல்தான் பெரிதாயிற்று. கருவி இப்போது இழுப்பறையில் கிடக்கிறது.

எதையும் அச்சில் படித்தே தெரிந்துகொண்டவர். அவருக்குக் காது போன சமயம் பார்த்து உலகம் வாய் திறந்து பேச ஆரம்பித்துவிட்டது. விண்ணப்பம் நிரப்புவதா, வீடியோ. குழாய் ஒழுகுகிறதா, அதற்கும் வீடியோ. கைபேசியில் அசைகிற வாய்களை வெறித்துக்கொண்டு அந்த மனுஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் முதல் தாளை எழுதினாள். கிட்டத்தில் போய்க் கரடியாய்க் கத்தி, கையைக் காலை ஆட்டிச் சொன்னால் நூறு சந்தேகம் கேட்பவர், எழுதிக் கொடுத்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ‘நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், எழுதினால் மட்டும் நம்புவீர்களா?’ என்று ஒருநாள் எழுதியே கேட்டுவிட்டாள். அவர் சிரித்துவிட்டு அந்தத் தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு, கடையின் பின்னறையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். அவள் எழுதுவாள், அவர் படமெடுத்துக் கைபேசியில் அனுப்புவார். வாங்குகிறவர்கள் முந்நூறு பேரைத் தாண்டினார்கள். காது மந்தமானவர்கள் பாதி, பொறுமை இல்லாதவர்கள் பாதி. குறிப்பக்காவிடம் ஒரு கணக்கு உண்டு: ஒருமுறை முழுசாகக் கேட்பாள், எழுதுவாள், எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்பாள். எண் வருகிற இடமென்றால் மூன்றாவது தடவையும்.

நாளுக்கு ஒரு தாள் என்பது மூன்று தாள் ஆயிற்று. கடைக்காரர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். பேச்சை இரட்டை வேகத்தில் ஓட்டவும், பேசுகிறவர் மூச்சு விடும் இடைவெளிகளை வெட்டிவிடவும் செயலியில் வசதி இருப்பதை அவர்தான் கண்டுபிடித்துக் காட்டினார். ஒரு மணி நேரப் பேச்சு இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. இரண்டாம் தடவை கேட்பது முதலில் குறைந்தது, அப்புறம் நின்றது. அது அவளுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. தெரிந்தேதான் விட்டாள்.

அந்த மாதம் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறி, புது மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் என்று மட்டும் சீட்டில் இருந்தது. எவ்வளவு நேரம் முன்னால் என்று அவர் குடைந்துகொண்டே இருந்தார். அந்த வாரமே அதே மாத்திரையைப் பற்றி ஒரு மருத்துவர் பேசிய பாட்காஸ்ட் அவள் மேசைக்கு வந்தது. கேட்டாள், எழுதினாள், ஒரு நகலை வீட்டுக்கும் எடுத்துப் போனாள். அதில் நாலாவது வரி: காலையில் மாத்திரை, ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு.

மறுநாள் ஏழு மணிக்கு மாத்திரை போட்டார். ஏழரைக்கு அவள் தட்டை வைத்தபோது, இன்னொரு தட்டால் மூடிவிட்டுக் கடிகாரத்தைக் காட்டினார். நாலாவது வரியையும் காட்டினார். அன்றைக்குக் கை நடுங்கியது. வயசாச்சு இல்லையா என்றார். அடுத்த நாள் வியர்த்துக் கொட்டியது. புழுக்கம் என்று அவளே சொன்னாள். மூன்றாம் நாள் எட்டே காலுக்கு, மூடிய தட்டுக்கு முன்னால், நாற்காலியிலிருந்து சரிந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. நரம்பில் மருந்து ஏறியதும் கண் திறந்தார். பணியிலிருந்த பெண் மருத்துவர், மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிடுகிறார் என்று அவளைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், என்ன கேட்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்ட வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

“எல்லாம் இதுல இருக்கு டாக்டர். என் வீட்டம்மா எழுதினது” என்றார். குரலில் அத்தனை பெருமை.

மருத்துவர் படித்தார். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“அரை மணி நேரம்தாம்மா. ஒன்றரைன்னு யாரு சொன்னது? இதை வேற யாராவது படிச்சிட்டு இப்படிச் சாப்பிடறாங்களா?”

குறிப்பக்காவுக்குத் தாள் வாங்குகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். முந்நூறு பேர்.

வீட்டுக்காரருக்குத் துணையாகக் காரில் ஏற்றி வந்தவரை வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். அந்த பாட்காஸ்ட் மருத்துவர்தான் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதை நினைத்துப் பின்னால் வெட்கப்பட்டாள். வெட்டும் வசதியை அணைத்துவிட்டு, சாதாரண வேகத்தில் போட்டாள்.

“காலையில மாத்திரை ஒண்ணு.” ஒரு மூச்சு. “அரை மணி நேரம் கழிச்சு சாப்பாடு.”

வசதியைப் போட்டு மறுபடி ஓட்டினாள். மூச்சு காணாமல் போயிற்று. ஒண்ணும் அரையும் ஒட்டிக்கொண்டு ஒண்ணரை என்றே விழுந்தது. பேச்சை நல்ல தமிழாக்குவதில் அவளுக்கு எப்போதும் ஒரு கர்வம். அந்த ஒண்ணரையை அழகாக ஒன்றரை என்று திருத்தி எழுதியிருந்தாள்.

கடைக்காரருக்கு முகம் வெளுத்தது. அவருடைய யோசனை, சத்தம் போடாமல் வேறு தாளை மாற்றி அனுப்பிவிடுவது. ஊரைக் கூட்டித் தப்பு என்று சொன்னால் நாளைக்கு யார் வாங்குவார்கள் என்று கேட்டார்.

“அரைன்னு மாத்திட்டாப் போச்சுக்கா. யாரு கவனிக்கப்போறாங்க?”

“யாரும் கவனிக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் மாதிரி ஏற்கெனவே நம்பிட்டவங்க, திரும்பப் பார்க்கவே மாட்டாங்க. அதான் பயமா இருக்கு.”

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பூசி மெழுகாமல் எழுதினாள்: மாத்திரைக் குறிப்பில் நாலாவது வரி தவறு. அரை மணி நேரம் என்பதே சரி. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் ஆபத்து. தவறு பேசியவருடையது அல்ல, கேட்டு எழுதிய என்னுடையது. ஒண்ணு, அரை என்று அவர் தனித்தனியாகச் சொன்னதை ஒன்றரை என்று எழுதிவிட்டேன். தாள் முந்நூறு பேருக்கும் போயிற்று. சிலர் திட்டினார்கள். திட்டினவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. யாரோ ஒரு மகள், இரண்டு நாளாக அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, ஏன் என்றே தெரியாமல் இருந்தோம் என்று எழுதியிருந்தாள். அதை நாலு தடவை படித்தாள்.

சாயங்காலம் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு மட்டும் இன்னும் சொல்லியாகவில்லை. அந்தத் திருத்தத் தாளைக் கொடுத்தால், அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே காதை அவளே பிடுங்கிப் போடுவதாகிவிடும். கொடுக்காவிட்டால் நாளைக்கும் தட்டை மூடி வைப்பார். கொடுத்தாள். கொடுத்துவிட்டு அழுதாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். சட்டைப்பையில் வைக்கவில்லை, மேசைமேல் வைத்து, கைபேசியைக் கேட்டார். பாட்காஸ்டில் அந்த இடத்தைப் போடச் சொன்னார். சத்தத்தை முழுசாக ஏற்றிக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் கேட்கவில்லை என்று தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் அவள் எழுதியதை அவர் சரிபார்க்கப் போனது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

பிறகு கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் உள்ளங்கையைப் பதித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி போடு என்று விரலால் சொன்னார். போட்டாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

“இங்க நிக்குது” என்றார். “நின்னுட்டுத்தான் மறுபடி ஓடுது.”

கையை எடுக்காமலேயே கண் திறந்து அவளைப் பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டார்.

“உனக்குக் கேக்கலையா?”

பதிலை எழுதித்தான் காட்ட வேண்டும். பேனாவை எடுத்து எழுதினாள்: அந்த நிற்கிற இடத்தை வெட்டிவிட்டுத்தான் கேட்டேன், ஒரே ஒரு தடவை.