வந்துகொண்டிருந்த படகுத்துறை

எனக்கு வந்த முதல் வேலை உத்தரவில் மூன்று பத்திகள் இருந்தன. எங்கள் ஏரியில் விடப்போகும் படகுக்கு நான்தான் பொறுப்பாளர் என்று முதல் பத்தி சொன்னது. இரண்டாவது பத்தியை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். ஏரியில் நிர்ணயிக்கப்பட்ட படகுத்துறையில் படகு நிறுத்தப்படும் நாளிலிருந்தே இப்பணி நடைமுறைக்கு வரும். படகுத்துறைக்கு இடம் முடிவாகாவிட்டால் படகு வேறு ஏரிக்கு அனுப்பப்படும் என்று மூன்றாவது பத்தி சொன்னது. படகு போனால் வேலையும் அதோடு போகும். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனவே உத்தரவை நானே படித்து, நானே அப்பாவுக்கு விளக்கவும் வேண்டியிருந்தது.

"வேல கெடச்சிச்சா, இல்லியா?" என்றார் அப்பா.

"கெடச்சிச்சிப்பா. ஆனா இன்னும் ஆரம்பிக்கல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சென மாடு மாதிரி. சரி, எப்ப கன்னு போடும்?"

கல்லூரி முடித்து வந்து இரண்டு வருடமாக நான் புளி உலுக்கிக்கொண்டும் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டும் இருந்தேன். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, பேங்கிலிருந்து வரும் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் ஊருக்கே படித்துக் காட்டுவேன். அதைத் தவிர என் படிப்பால் யாருக்கும் எந்த உபயோகமும் இருக்கவில்லை. நான் உத்தரவை மடித்து வைப்பதற்குள் அம்மா நான்கு வீட்டில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இனி அந்த வேலை கிடைக்காமல் போனால், நான் மலையை விட்டு இறங்கிவிடுவதுதான் மரியாதை.

படகு என்னைவிட அவசரத்தில் இருந்தது. இடம் முடிவாகும் முன்பே மினி லாரியில் ஏறி வந்துவிட்டது. கால்களால் மிதித்து ஓட்டும் ஃபைபர் படகு. வெள்ளை அன்னம், கழுத்து மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். நான்கு சீட்டு, மேலே நீலக் கூரை. லாரிக்காரருக்கு அன்று மாலை சந்தவாசலில் வேறு லோடு காத்திருந்தது. ஏரிக்கரைவரை வண்டி இறங்காது என்று சொல்லி, படகை பஸ் நிற்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை கிடையாது. மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது படகு நிரம்பியிருந்தது. பின்சீட்டில் இரண்டு பேர் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் உட்கார்ந்தால் கால் தானாகப் பெடலுக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருந்த அத்தை ஒருவர் என்னைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார்.

"காலைலேர்ந்து மிதிச்சினு கீறேன். இன்னும் அமிர்தி ஊரு வரலியே தம்பி."

இடத்தைத் தேர்ந்தெடுத்து அறிக்கை எழுத வேண்டிய பொறுப்பு எனக்கே வந்தது. படித்தவன் என்பதாலும், வேறு யாரும் அந்தப் படிவத்தைக் கையால் தொடாததாலும் வந்தது. நான் அதை மிகவும் மனப்பூர்வமாகச் செய்தேன். நீளமான மூங்கில் ஒன்றை எடுத்து, தங்கையின் நகப்பூச்சால் அடி அடியாகக் கோடு போட்டேன். மூன்று நாள் ஏரியைச் சுற்றி நடந்தேன். பெரிய ஏரி, ஒரு சுற்றுக்கே பாதி நாள் போய்விடும். துணி துவைக்கிற பாறையை விட்டேன். எருமைகள் படுக்கிற சேற்றை விட்டேன். கோரை மண்டிய மூலையை விட்டேன். கடைசியில் மேற்குக்கரையில் ஒரு நாவல் மரத்தடியைத் தேர்ந்தெடுத்து, பதினொரு காரணங்கள் எழுதினேன். அது எங்கள் ஊர்ப் பக்கம் என்பது பன்னிரண்டாவது காரணம் இல்லை என்பதையும் அறிக்கையிலேயே குறிப்பிட்டேன். படிவத்தோடு இணைக்க, அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கீழே விழும்படி போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

இதை இன்னும் அனுப்பக்கூட இல்லை. அதற்குள் கிழக்குக்கரைக்குச் செய்தி போய்விட்டது.

கிழக்குக்கரையில் இருப்பது என் அம்மா பிறந்த ஊர். அந்த ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எனக்கு மாமா முறை. எங்கள் ஊர்க்கவுண்டர் பெரியப்பா முறை. மறுநாள் இருவரும் பஸ்ஸுக்கு வந்த இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். வெயில் ஏறிவிட்டதால் படகின் முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் அன்னத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

"இன்னா மாப்ள, எங்கள கேக்காமயே எழுதிட்டியாமே," என்றார் மாமா.

"தண்ணி ஆழம், காத்து எல்லாம் பாத்துத்தாங்க மாமா எழுதினேன்."

"ஏன், எங்க பக்கம் காத்து அடிக்கறதில்லியா?"

"அவன் படிச்சவன்யா," என்றார் பெரியப்பா. "கோலு உட்டு அளந்துகீறான்."

"அளக்கட்டும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எங்க கட்றமோ அங்கதான சாணி உழும்?"

"படகு சாணி போடாதுங்க மாமா," என்றேன்.

இரண்டு பேரும் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"கார் போட்டுனு வெளியூர் ஆளுங்க வருவாங்க இல்ல?" என்று மாமா நிதானமாக ஆரம்பித்தார். "டீ குடிப்பாங்க. பலாச்சொள கேப்பாங்க. சீத்தாப்பழம் கேப்பாங்க. அதாண்டா சாணி. அது எந்த நெலத்துல உழுதோ அந்த நெலம்தான் வெளையும்."

"பிளாஸ்டிக் கவரும் உழும்," என்றார் பெரியப்பா.

"சாணின்னா புழுவும்தான் இருக்கும்."

பெரியப்பா தலையாட்டினார். அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என் பதினொரு காரணங்களும் முடிந்தன என்று. சாமை அறுப்பு முடிந்ததும் எங்கள் பக்கத்தில் ஊர் மாடுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒருவர் நிலத்தில் பட்டி கட்டுவோம். சுற்றிலும் மூங்கில் படலை நட்டு அடைத்துவைத்தால், மாடுகள் படுக்கிற நிலத்துக்கு எரு கிடைக்கும். சில நாள் கழித்துப் படலைப் பிடுங்கி அடுத்தவர் நிலத்தில் நடுவோம். யார் நிலமும் விடுபடாது. மாடு யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"பட்டி மாத்தறா மாதிரி மாத்திக்கலாம்," என்றார் பெரியப்பா. "ஒரு வாரம் எங்க பக்கம், ஒரு வாரம் உங்க பக்கம்."

"அது நாயம்," என்றார் மாமா.

பஸ் வந்தது. இருவரும் படகிலிருந்து இறங்கி அதில் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு ஏரியின் விவகாரம் பஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. என் வேலை மட்டும் முடியவில்லை. படிவத்தில் இடத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ஒரு இடத்தை மட்டுமே குறிப்பிடவும் என்று கீழே அச்சடித்தும் இருந்தார்கள்.

எனக்கு உத்தரவு அனுப்பிய சுற்றுலா அலுவலருக்குப் போன் செய்தேன்.

"சார், ரெண்டு இடம் எழுதலாமா?"

"ஒரு படகு எப்படிப்பா ரெண்டு இடத்துல நிக்கும்?"

"வாரம் ஒரு பக்கமா நிக்குங்க சார்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையானவர். "படகு எங்க வேணா போகட்டும்பா. அது படகு. படகுத்துறை ஒண்ணுதானே? அது எங்க இருக்குதோ அத எழுது," என்றார்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா அப்போது பட்டிக்குப் படல் முடைந்துகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாட்ட மாத்தும்போது படல உட்டுட்டா போறோம்? தூக்கிட்டுத்தான போறோம்."

இரண்டே நாளில் அவர் படகுத்துறையைக் கட்டிமுடித்தார். நான்கு நீல நிற பிளாஸ்டிக் டிரம், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மூங்கில், அதன் மேல் தட்டி. தண்ணீரில் விட்டதும் மிதந்தது. ஆறு பேர் ஏறி நின்றும் பார்த்தோம், மூழ்கவில்லை. கரையில் ஒரு மரத்தில் கட்டினால் படகுத்துறை. அவிழ்த்துப் படகின் பின்னால் கட்டினால் கூடவே வந்துவிடும்.

அன்று மாலை படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பொய் எழுதக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். முதல் வேலை, முதல் அறிக்கை. கடைசியில் அந்த ஒரே கட்டத்தில், படகு கட்டப்பட்டிருக்கும் இடம், என்று எழுதினேன். பலமுறை படித்துப் பார்த்தேன். எந்த வாரத்திலும் அது பொய்யாகாது. நாவல் மரத்தடிப் படத்தை இணைத்து அனுப்பிவிட்டேன்.

பிறகு இருபது பேர் சேர்ந்து படகை ஏரிக்குத் தூக்கிப்போனோம். பஸ் நிறுத்தத்துப் பெண்களுக்கு அதில் விருப்பமே இல்லை. முன்சீட்டு அத்தை பின்னாலேயே வந்து கேட்டார்: "ஏரிக்கு இது இன்னாத்துக்குடா? ஏரில யாரு பஸ்ஸுக்கு நிக்கறாங்க?"

முதல் வாரம் மேற்குக்கரை. இரண்டாவது வாரம் கிழக்குக்கரை. அந்த இரண்டாவது வாரத்தின் நடுவில், நான் மாமாவின் ஊர்ப் பக்கம் படகுக்குள் தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தபோது, அலுவலரிடமிருந்து போன் வந்தது.

"தணிக்கைக்கு வந்திருக்கேன்பா. நாவல் மரத்துக்கிட்ட நிக்கறேன். இங்க மரம்தான் இருக்கு. படகுத்துறை எங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஏரியின் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜீப்பும், சின்னதாக ஒரு வெள்ளைச் சட்டையும் தெரிந்தன.

"வந்துனு இருக்குதுங்க சார்," என்றேன்.

"எது?"

"படகுத்துறைங்க சார். ஒரு மணி நேரத்துல வந்துடும்."

நான் போனை வைத்துவிட்டு மாமாவைத் தேடி ஓடினேன். பின்னால் படகுத்துறையைக் கட்டிக்கொண்டு ஒரே ஆள் மிதித்தால் படகு நகராது.

"அதெப்படி?" என்றார் மாமா. "எங்க வாரம் இன்னும் மூணு நாள் கீது."

"மாமா, இன்னைக்கு அவரு கையெழுத்து போடலன்னா படகும் இல்ல, எனக்கு வேலையும் இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆனால் நேராகப் படகுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு முழு பலாப்பழத்தைத் தூக்கிவந்து படகுத்துறையின் நடுவில் வைத்தார்.

"இது இன்னாத்துக்கு மாமா?"

"அந்த ஆளு எங்க வாரத்துல வந்தவரு. அந்தப் பக்கம் போய் நிக்கறாரு, அவ்ளோதான். சாணி எங்களுது."

மிதித்தோம். முழு ஏரியும் எங்களை எதிர்த்து நிற்பதுபோல இருந்தது. அன்னம் முன்னால், அதன் வாலில் கயிறு, கயிற்றின் முனையில் படகுத்துறை, அதன் மேல் பலாப்பழம். வழி நெடுக மாமா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நாவல் மரத்தடியை நெருங்கியபோது அங்கே அலுவலருக்குப் பக்கத்தில் பெரியப்பா நின்றிருந்தார். அவர் காலடியிலும் ஒரு பலாப்பழம் இருந்தது. அதற்குள் அறுத்தும் வைத்துவிட்டார்.

நான் தண்ணீரில் குதித்து, படகுத்துறையை இழுத்துவந்து மரத்தில் கட்டினேன். அதில் படகைக் கட்டினேன். "ஏறுங்க சார்," என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். டிரம்மைத் தட்டிப் பார்த்தார். போனை எடுத்து, கீழே விழுந்த எண்களை என் படத்தில் இருந்த எண்களோடு சரிபார்த்தார். சரியாக இருந்தது. பிறகு அறிக்கையை எடுத்துக் கட்டத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"படகு கட்டப்பட்டிருக்கும் இடம்." படகைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுல பொய் இல்ல."

"இல்லைங்க சார்."

"அதாம்பா கஷ்டமா இருக்கு."

அவர் தட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தாளில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டியிருந்தது. படகுத்துறை நிலையானதா? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் எழுதாமல் இருந்தார். நான் ஈர உடையோடு நின்றேன். என் அம்மா சொல்லிவைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"பெரியவரே," என்று அவர் பெரியப்பாவைக் கேட்டார். "இது நிலையா இருக்குமா?"

"எங்க தாத்தன் காலத்துலேர்ந்து பட்டி மாத்தினு கீறோங்க," என்றார் பெரியப்பா. "மழன்னு நிறுத்தனதில்ல. சாவுன்னு நிறுத்தனதில்ல. சண்டன்னும் நிறுத்தனதில்ல. அவன் வாரம் அவனுக்கு, எங்க வாரம் எங்களுக்கு. இதவிட நெலையா உங்களுக்கு இன்னா வேணும்?"

மாமா, "சொள சாப்புடுங்க," என்று தன் பழத்திலிருந்து ஒரு சுளையை நீட்டினார். பெரியப்பா உடனே தன் பழத்திலிருந்து ஒன்றை நீட்டினார். அலுவலர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். ஒன்று சாப்பிட்டு, மற்றொன்றும் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கு நேராக, நிலையானது, என்று எழுதினார். எழுதிய பிறகும் ஒரு முறை படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். என் உத்தரவின் நகலில் தேதியைப் போட்டு என் ஈரக் கையில் கொடுத்தார். நான் அதைச் சட்டைக்குள் வைக்க முடியாமல் பெரியப்பாவிடம் கொடுத்து, அப்பாவிடம் காட்டச் சொன்னேன். இருவருக்கும் படிக்கத் தெரியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"கன்னு போட்டுச்சின்னு சொல்லுங்க பெரியப்பா," என்றேன். "அவருக்குப் புரியும்."

நான் நன்றி சொல்ல அலுவலர் பக்கம் திரும்பினேன். அதற்குள் மாமா மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. மூணு நாள் கீது."

அலுவலர் அவசரமாகக் கரைக்குத் தாண்டினார். நாங்கள் மிதிக்க ஆரம்பித்தோம். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜீப்பில் ஏறவில்லை. தான் நிலையானது என்று எழுதிக்கொடுத்த படகுத்துறை ஏரியின் நடுவே போய்க்கொண்டிருப்பதைக் கண்மேல் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையெழுத்து ஆச்சில்ல?" என்று கேட்டார் மாமா.

"ஆச்சிங்க மாமா."

"அப்ப வேல ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆரம்பிச்சிடுச்சி."

"அப்பால இன்னா, நல்லா அழுத்தி மிதி. சொம்மா உக்காந்துனு வர்றதுக்கா உனுக்கு வேல குடுத்தாங்க?"