இடப்பக்கத்துக் கனம்

அப்பா எந்தப் பொருளையும் முதலில் காலால்தான் தள்ளிப் பார்ப்பார். நகராவிட்டால் முகம் மலரும். பழைய இரும்புக் கடையில் பல் போன சக்கரம், உடைந்த தையல் மிஷின், யாரோ ஆசைப்பட்டு வாங்கிக் கைவிட்ட உடற்பயிற்சித் தட்டு என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டே போவார். அக்குளில் குளியலறை எடை மிஷின். பிடித்த பொருளைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறி நிற்பார். தன் எடையைக் கழித்துவிட்டு, "முக்கா ஆள் தேறும்" என்பார். அவருக்கு எடை கிலோவில் இல்லை, ஆளில்தான்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாத்தையும் பாத்துட்டே போறீங்க?" என்பார் கடைக்காரர்.

"கனமா இருக்கணும். மலிவா இருக்கணும். மூலை இடிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு காட்டு."

"அப்போ என் மச்சானைக் கூட்டிட்டுப் போங்க."

"சாப்பாடு போடணுமேய்யா!"

ஏரியில் அப்பா ஓட்டுவது இழுவைப் படகு. கால்களைப் பலகையில் பூட்டிக்கொண்ட ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் வருவார். படகு கிளப்பும் அலையில் ஏறித் துள்ளுவார். அலை எழ வேண்டுமானால் படகு தண்ணீரில் அமுங்கி உட்கார வேண்டும். அதற்கு எடை வேண்டும். இதற்கென்றே தண்ணீர்ப் பைகளும் அவற்றை நிரப்பப் பம்பும் விற்கிறார்கள். பம்புகள்தான் என் தொழில், அதனால் விவரங்களை எடுத்துக் காட்டினேன். விலையைப் பார்த்தவர், "இதுக்கு இன்னொரு படகே வாங்கிடலாம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மழையில் நனைந்து இறுகிய சிமெண்ட் மூட்டைகளைச் சும்மா கிடைக்கிறதே என்று கொண்டுவந்தார். அவை தரையைக் கீறின. மணல் மூட்டை கிழிந்து, படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் மோட்டாரை அடைத்தது. கடைசியில் லாரி டியூபை வெட்டினார். பட்டறையில் தகட்டுக்குத் துளை போடும்போது விழும் இரும்புச் சில்லுகளை வாங்கி அதில் கொட்டினார். இரு முனைகளையும் மடித்து, பட்டை வைத்து, போல்ட் போட்டு இறுக்கினார். கறுப்பாக, கொழகொழவென்று, வைத்த இடத்தில் படுத்துக்கொள்ளும். அவற்றை எருமைக்குட்டி என்கிறார். படகுத்துறையில் இருப்பவர்கள் அவரைப் பார்த்தால், "இன்னிக்கு எத்தனை ஈனுச்சு?" என்று கேட்கிறார்கள்.

இவ்வளவு காலம் அலைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஸ்டியரிங்கும் பேட்டரியும் அப்பாவும் வலப்பக்கம். இடது பின் இருக்கையில், பின்னால் பார்த்தபடி அம்மா. பலகையில் வருபவர் விழுந்தால் சத்தம் கொடுப்பது அவள் வேலை. "இவரு என்னைக் கட்டுனதே படகு சாயக் கூடாதுன்னுதான்" என்று ஏறுகிற எல்லோரிடமும் சொல்வாள். அப்பாவின் கணக்கில் ஒரு ஆள் என்பது அவள் எடைதான்.

மழைக்காலத்தின் கடைசியில் அம்மா இறந்துவிட்டாள். நான் விடுப்பை நீட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.

இப்போது படகு வலப்பக்கம் சாய்கிறது. இடது அலை எழும்போதே நுரைத்துக் கரைந்துவிடுகிறது. அப்பாவின் படகைப் பருவம் முழுக்க வாடகைக்கு எடுப்பவர் ஒரே ஒருவர்தான், பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுக்கும் பெண் பயிற்சியாளர். அவர் இல்லையென்றால் படகு கரையில் கிடக்க வேண்டியதுதான்.

"கோச்சுக்காதீங்கண்ணே. ரெண்டு வாரம் பொறுத்துட்டேன். சனிக்கிழமையும் இப்படித்தான்னா எதிர்க்கரைப் படகைப் பேசிடுவேன். புள்ளைங்களுக்குப் போட்டி வருது."

அப்பா குட்டிகளை முன்பக்கம் போட்டார். மூக்கு தண்ணீரை உழுதது. தரைக்கு அடியில் திணித்தார். இடது சுவரோரம் அடுக்கினார். இடது பின் இருக்கையைத் தவிர எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தார்.

"அப்பா, அந்தப் பின்சீட்ல ரெண்டு போட்டா முடிஞ்சுது. கணக்குப் போட்டுட்டேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏம்ப்பா?"

"பேட்டரியை இந்தப் பக்கம் மாத்திப் பாப்போம்."

மாற்றினோம். பாதி சரியானது.

"நான் உக்காரட்டுமா?"

"நீ லீவு முடிஞ்சா கிளம்பிடுவ. அப்புறம் படகு உன்னைத் தேடும்." நடுவில் உட்காரச் சொன்னார்.

சனிக்கிழமை பயிற்சியாளரே பலகையைப் பூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இழுத்தோம். இடப்பக்கம் போனார், அலை இல்லை, கயிற்றை விட்டுவிட்டார். படகைத் திருப்பி அவர் அருகே நிறுத்தினோம். தண்ணீரில் மிதந்தபடி அவர் தலைக்கவசத்தின் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இரும்மா. அவுக்காத" என்றார் அப்பா.

எழுந்து பின்னால் வந்தார். முன்பக்கக் குட்டி ஒன்றை ஒரு முனையில் அவர் பிடித்தார், மறுமுனையில் நான். இடது பின் இருக்கைக்கு மேலே தூக்கிய பிறகும் இறக்காமல் நின்றார்.

"அப்பா, கனக்குது."

"ம். வை."

இன்னொன்றையும் வைத்தோம். அப்பா ஸ்டியரிங்குக்குத் திரும்பி, முடுக்கினார். இரண்டு பக்கமும் அலை கண்ணாடிபோல் எழுந்தது. பயிற்சியாளர் இடது அலையில் ஏறி ஆளுயரம் துள்ளி, நேராக வந்து இறங்கினார்.

"வந்துடுச்சுப்பா."

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

துறையில் இறங்கும்போது பயிற்சியாளர், "திங்கக்கிழமை புள்ளைங்களோட வர்றேண்ணே. இதை மட்டும் மாத்திடாதீங்க" என்று பின் இருக்கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு நிமிர்ந்தேன். அப்பா இன்னும் இறங்கவில்லை. எஞ்சின் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் போனார். ஸ்டியரிங்குக்கு முதுகைக் காட்டி, குட்டிகளுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.