வெள்ளைக்கார மனிசி கதவு திறந்த நாள்

அதைத்தான் பிள்ளை சொல்ல வந்தனான். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனிசி எங்கட சோபாவில காலை நீட்டிக்கொண்டு இருக்கிறா, நான் அவவின்ர வீட்டுக் குசினிக்குள்ள நிக்கிறன். சிரியாதையும். எண்பதுகளில நடந்தது, நீர் அப்ப இந்த றோட்டுக்கு வரேல்லை.

என்ர மோன் இஞ்சை லண்டனில, ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஒரு கடை எடுக்க ஓடித்திரிஞ்சவன். இந்த வீட்டை வைச்சு பாங்கில லோன் கேட்டான். பாங்கால வீட்டு விலை மதிக்க வந்தவன் என்னை ஒரு பார்வை, சுவாமிப் படத்தை ஒரு பார்வை. மாடிக்கும் ஏறேல்லை. அவன் போட்ட விலைக்குக் கடை எடுக்கேலாது. மனிசியின்ர வீடு இதே அளவு, இதே செங்கல்லு, கூரையும் ஒழுகும். அதுக்கு எங்கடையை விடக் கூடின விலை போட்டிருக்கினம். அவ பாவம், அரசாங்கம் குடுக்கிற பெனிபிட் காசிலதான் சீவியம்.

அவவே மோனுக்குச் சொன்னா, "வேற பாங்கில கேள். ஆள் வரேக்கை என்ர வீடு மாதிரி நான் கதவைத் திறக்கிறன். நீங்கள் என்ர வீட்டில இருங்கோ" எண்டு.

சுவாமிப் படமெல்லாம் சூட்கேசுக்குள்ள போயிட்டுது. வாசல் செருப்பு கட்டிலுக்குக் கீழ. மருமோள் தாளிக்கிறதையும் விட்டிட்டாள், பாணும் பட்டரும்தான், என்ர வயிறு பட்ட பாடு அது வேற கதை. எனக்கெண்டா இருப்புக் கொள்ளேல்லை. நல்ல காரியத்துக்கு ஒண்டும் வையாமல் விடுறதோ? விடியவே ஒருத்தருக்கும் தெரியாமல் முன் ஹோலில நிறைகுடம் வைச்சிட்டன். செம்பு, தேங்காய், மாவிலை, எல்லாம் வடிவா.

பாங்கு ஆள் எங்கட வீட்டுக்குள்ள போனாப் பிறகுதான் மோனிட்டைச் சொன்னன்.

"கெடுத்தீங்களே அம்மா" எண்டு தலையில கை வைச்சான்.

நான் குசினிக்கும் ஜன்னலுக்கும் நடந்த நடை யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்கும்.

கனநேரத்தால மனிசி சிரிச்சுக்கொண்டு வாறா. வந்தவன் மாடி, தோட்டம் எல்லாம் பாத்தானாம். குடத்தையும் சுத்திச் சுத்திப் பாத்து, "நல்ல ரசனை உங்களுக்கு, எந்த ஊருக்குப் போய் வாங்கினீங்கள்" எண்டானாம்.

இந்தமுறை நல்ல விலை போட்டாங்கள், கடை சரிவந்திட்டுது. கண்ட ஆக்களுக்கெல்லாம் கற்கண்டு குடுத்தன். படத்தைத் திரும்பக் கொழுவேக்கை மோன் சொன்னான், "கரண்ட் மீற்றருக்குள்ள போடவும் அவவிட்டைக் காசில்லை அம்மா. ஆனா அவ நிண்டா எங்கட வீட்டுக்கு விலை ஏறுது."

எனக்கு இண்டைக்கும் சந்தோசம்தான். எண்டாலும் அந்த ஹோலில ஒரு இடத்தில இருக்கேலாமக் கிடக்கு. எழும்புவன், சுவரைத் தொட்டுப் பாப்பன், திரும்ப இருப்பன். இதில என்ன குறைஞ்சு கிடந்தது எண்டு அந்த முதல் வந்தவன்… ஐயோ, மழை துமிக்குது. கொடியில பேரனின்ர பள்ளிக்கூட உடுப்பு. தள்ளும் பிள்ளை, எடுத்துப்போட்டு வாறன்.