மூன்றாம் வருஷமா, நான்காம் வருஷமா

பெண் பார்க்க வருகிறவர்களிடம் நிலம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற ஆள் இல்லை என் அப்பா. ராயப்பன்பட்டி கத்தோலிக்கக் கோவிலில் உபதேசியார். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துப் பழகிய வாய், வருகிற வரனுக்கும் பரீட்சை வைக்காமல் விடாது. ஏற்கெனவே ஒருவர் அதில் தேறாமல் திரும்பிப் போயிருந்தார்.

இரண்டாவதாக வந்த இவர் தேனிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். முந்தின ஈஸ்டருக்கு, பாஸ்குத் திருநாளில், எங்கள் கோவில் வாசலில் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு, சுடுமணலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி தன்னைத்தானே கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப் போயிற்று. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? இந்தச் சம்பந்தம் முடிய வேண்டும் என்று ஒரு அர்ச்சியசிஷ்டவரை, ஒரு புனிதரைக்கூட விடாமல் மெழுகுதிரி நேர்ந்திருந்தேன்.

யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி எரித்து ஓடின. தாயும் மகனுமாகக் கரி பஸ்ஸில் முகமெல்லாம் புகை படிய வந்து இறங்கினார்கள். உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி சரித்திரம் படிச்சவுக. வேதத்துல இருக்கிற வருசக் கணக்கை ஒங்க காலேசுல ஒத்துக்கிறாகளா?"

"ஆமாங்கய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"சிலது ஒத்து வருது, சிலது இடிக்குதுங்கய்யா. யூதேயாவுல ஒரு ராசா. அவரு காலத்துல பாபிலோன்காரன் படையெடுத்து வந்தது மூணாம் வருசம்ங்கறாக ஒரு தீர்க்கதரிசி. இன்னொருத்தர் நாலாம் வருசம்ங்கறாக. பாபிலோன்ல களிமண் பலகையில எழுதி வச்சதுக்கு நாலுதான் பொருந்துது."

"அப்ப வேதம் பொய், மண்ணாங்கட்டி நெசம். அப்படித்தான?"

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன். அவருடைய அம்மா பேச்சை மாற்றப் பார்த்தார்.

"பொண்ணுக்கு வயசென்ன?"

"பதினெட்டு" என்றார் அப்பா, கோபம் ஆறாமலே. "பத்தொம்பது" என்றாள் என் அம்மா, அதே நேரத்தில், அடுப்படி வாசலில் இருந்து.

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. "வயசுலயே ரெண்டு கணக்கா? ஏலே, எந்திரி, போவோம்."

"ஐயையோ, பொய்யில்லத்தா!" என்று அம்மா பதறினாள். "பதினெட்டு முடிஞ்சு பத்தொம்பது நடக்குது. இவுக முடிஞ்சதைச் சொல்றாக. நான் நடக்கறதைச் சொன்னேன்."

எழுந்த வாத்தியார் தொடையில் தட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பாஸ்கு அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"ஐயா, இதுதாங்க விசயம்! ராசா பட்டத்துக்கு வந்த வருசத்தை ஒருத்தர் ஒண்ணுன்னு எண்ணியிருப்பாக. இன்னொருத்தர் அதை விட்டுட்டு அடுத்த வருசத்துலருந்து எண்ணியிருப்பாக. மூணும் சரி, நாலும் சரி."

அப்பாவின் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் இளகியது. "அப்ப வேதத்துல எல்லாக் கணக்கும் சரின்னு ஒத்துக்கிறீகளா?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் மகராசனே என்று உள்ளே இருந்து மன்றாடினேன்.

"இதுக்கு வழி தெரியுதுங்கய்யா, எல்லாத்துக்கும் தெரியலை. களிமண்ணுல எழுதுனவனையும் நான் முழுசா நம்ப மாட்டேன். தோத்த சண்டையை எந்த ராசா எழுதி வச்சான்? ஆனா தெரியாததைத் தெரியும்னு சொல்லி ஒங்க பொண்ணைக் கட்ட எனக்கு மனசு வரலை."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதைவிட அதிகமாக அந்த மனிதர் மேல் ஆசை வந்தது. கூப்பிடுவதற்கு முன் பெண் வெளியே வரக் கூடாது என்பார்கள். கருப்பட்டிக் காப்பித் தட்டோடு வந்துவிட்டேன்.

"அப்பா, எனக்குப் பத்தொம்பது நடக்குது. பாபிலோன் கணக்குத் தீரட்டும்னு காத்திருந்தா, எந்தக் கணக்குல பாத்தாலும் நான் கிழவியாயிருவேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். பிறகு என் தட்டிலிருந்து ஒரு தம்ளரைத் தானே எடுத்து அவரிடம் நீட்டினார்.

"பொய் சொல்லியாவது பொண்ணைக் கட்டிருவோம்னு நினைக்கலையே. குடிங்க மாப்பிள்ளை, ஆறிப்போகுது" என்றார்.