மேய்ந்த இடத்தில் தீ நின்றுவிடும்

இங்கே காலையில் கதவைத் திறந்தால் வெளியே நிற்பது பனியா புகையா என்று மோந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆடி மாதமென்றால் பெரும்பாலும் புகைதான். இலங்கையின் ஊவாப் பக்கத்து மலைகளில் தேயிலை இல்லாத இடமெல்லாம் இடுப்புயரப் புல். பத்தனை என்கிறார்கள். முற்றிக் காய்ந்த புல்லை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. அதனால் வருடம் தவறாமல் தீ வைக்கிறார்கள். மழை விழுந்ததும் கரிக்குள்ளிருந்து இளம்புல் தளதளவென்று கிளம்பும். தீ வைக்காமல் விட்டால் புதர் ஏறிவிடும் என்பது தோட்டத்துத் துரையின் கவலை. அவருடைய பால்மாடுகளை மேய்ப்பது என் வேலை. தீ வைப்பதும் என் வேலைதான்.

நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், கீரனூர்ப் பொட்டலில், இப்படி ஒரு தீயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பங்குனிக்குள் ஆடும் மாடும் வேர் தெரிய மேய்ந்துவிட்டால் எரிவதற்கு என்ன இருக்கிறது? ஒருமுறை எங்கள் வைக்கோற்போர் பற்றியபோது, காற்றில் பறந்த தீ பொட்டலில் விழுந்து அங்கேயே அவிந்துபோனது. உருப்படாத வறட்டு ஊர் என்று வைதுவிட்டுத்தான் கப்பலேறினேன்.

சென்ற மாசியில் எங்கள் மகள் பொன்னி காய்ச்சலில் போய்விட்டாள். அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். சின்னப் பிள்ளைகள் இறந்தால் நாம் சுடுவதில்லை அல்லவா? தேயிலைக்குள் குழி வெட்ட விடமாட்டார்கள் என்பதால் புல்சரிவில் புதைத்தோம். நரி தோண்டாமலிருக்க மேட்டின் மேல் முள் வெட்டிப் போட்டேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மாட்டை அவிழ்க்கிறேன், கட்டுகிறேன், சோறு போட்டால் தின்கிறேன். என் மனைவி வள்ளி மட்டும் ஓயாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஊருக்குப் போயிரலாமுங்க." பார்ப்போம் என்பேன்.

வைகாசியில் துரை, இந்த வருடம் முதலில் அந்தச் சரிவைத்தான் கொளுத்த வேண்டும் என்றார். அங்கே என் பிள்ளை இருக்கிறது என்றேன். நெருப்பு மேலோடு போய்விடும், மண்ணுக்குள் இறங்காது என்று பொறுமையாக விளக்கினார். புல்லின் வேர் கருகிவிடும் என்று நான் பயந்ததாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வள்ளியிடம் வந்து சொன்னேன்.

"பச்சப்புள்ளையச் சுடுறதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீங்க?" என்றாள்.

மறுநாளிலிருந்து மாடுகளை மேட்டைச் சுற்றியே நிறுத்தினேன். அவை அந்தப் புல்லைச் சீந்தவில்லை. அடுப்படி உப்பைத் தண்ணீரில் கரைத்துப் புல்லில் தெளித்தேன். உப்புக்கு ஆசைப்பட்டுக் கடிக்கத் தொடங்கின. பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் பண்டா அதைப் பார்த்துவிட்டு, அங்கே ஏதோ அருமையான புல் கிடக்கிறது என்று தன் எருமைகளையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று சிரித்தார். நல்லது என்று அர்த்தம். பாஷை தெரியாமல் கையால் மேட்டைக் காட்டினேன். மாட்டுக்குக் குத்துமே என்று முள்ளை எடுத்துத் தூரப் போட்டார். முள்ளும் எரியக்கூடியதுதானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஆடியில் என் கையாலேயே தீ வைத்தேன். சடசடவென்று சரிவேறி வந்த தீ, மேய்ந்த விளிம்பில் தின்ன ஒன்றுமில்லாமல் இரண்டாகப் பிரிந்து போனது. வள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். பந்தம் பிடித்த கை வலித்தது, அவ்வளவுதான்.

இப்போது ஐப்பசி. மழை விழுந்து மலை முழுக்கப் பச்சை. நடுவில் அந்த இடம் மட்டும் மண் தெரிய மொட்டையாக இருக்கிறது. துளிர்ப்பதையெல்லாம் மாடுகளை விட்டு மேய்த்துவிடுகிறேன்.

"நம்மூருப் பொட்டலாட்டமே கெடக்குல்ல" என்றாள் வள்ளி நேற்று.

ஊருக்குப் போக ஆள் சேர்கிறது, வேண்டுமானால் நாமும் பெயர் கொடுக்கலாம் என்று கங்காணி சொன்னதைச் சொன்னேன். அவள் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம போயிட்டா, வாற ஆடிக்கு இங்கிட்டு யாரு மேய்ப்பா?"

மாடுகள் எதிர்ச் சரிவின் இளம்புல்லைப் பார்த்துக் கயிற்றை இழுத்தன. நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு, உப்புத் தண்ணீரைத் தெளித்தேன்.